அனோரெக்சியா: வீட்டார் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

சாப்பிட மறுக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோருக்காகவும், அக்கா அண்ணன்களுக்காகவும், விடுதித் தோழிகளுக்காகவும், வகுப்பாசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எடைக் கணக்கும் கலோரிக் கணக்கும் இதில் இருக்காது. தெரிந்தேதான் அவற்றை விட்டிருக்கிறேன். இந்த நோயில் இருக்கும் ஒருவர் இதைப் படித்தால் அந்த எண்களையே தன் இலக்காக எடுத்துக்கொள்ளக்கூடும்.

டயட் இருப்பதற்கும் அனோரெக்சியாவுக்கும் என்ன வித்தியாசம்?

டயட் இருப்பவர் நினைத்த அளவுக்கு இளைத்ததும் நிறுத்திவிடுவார். கல்யாண வீட்டில் இலை முன் உட்கார்ந்தால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்துவார். அனோரெக்சியாவில் இலக்கு தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். முதலில் இனிப்பு போகும். பிறகு பலகாரம், பிறகு சோறு, கடைசியில் தோசையைச் சுற்றி விடும் அந்தச் சொட்டு எண்ணெயும் போகும். தட்டிலிருந்து விலகிய எதுவும் திரும்பி வராது.

மருத்துவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். உடம்புக்குப் போதாத அளவில் சாப்பிட்டு எடை குறைகிறதா, அல்லது வளரும் வயதில் ஏற வேண்டிய எடை ஏறாமல் நிற்கிறதா என்பது முதலாவது. எடை கூடிவிடுமோ என்ற கடும் பயமோ, கூடவிடாமல் தடுக்கும் விடாப்பிடியான பழக்கங்களோ இருக்கின்றனவா என்பது இரண்டாவது. தன் உடம்பு எவ்வளவு நலிந்துவிட்டது என்பது அவருக்கு உறைக்காமலே இருக்கிறதா என்பது மூன்றாவது. மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்பதும் முன்பு ஒரு நிபந்தனையாக இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல், மனநோய்களைக் கண்டறிவதற்கான தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டது. எனவே “பீரியட்ஸ் ஒழுங்கா வருதே, அப்போ இது அது இல்ல” என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவார்கள், ஓயாமல் உடற்பயிற்சி செய்வார்கள். இன்னொரு வகையினர் சாப்பிட்டதை வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை போட்டோ வெளியேற்றுவார்கள். இந்த இரண்டாவது வகையில் பொட்டாசியம் சட்டென்று இறங்கி இதயத்துடிப்பு தடுமாறும் ஆபத்து அதிகம்.

இது மேல்நாட்டு நோய்தானே? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்படி வரும்?

இந்த நம்பிக்கையால்தான் நம்மிடையே நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. 1873-ல் லண்டனில் சர் வில்லியம் கல் என்ற மருத்துவரும் பாரிஸில் எர்னஸ்ட் சார்ல் லசேக் என்ற மருத்துவரும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். ஒல்லியான மாடல் அழகிகளும் ஃபேஷன் பத்திரிகைகளும் உலகை ஆளத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இது இருந்திருக்கிறது.

நமக்கு அதைவிட முக்கியமானது ஹாங்காங்கிலிருந்து வந்த தகவல். அங்கே மனநல மருத்துவர் சிங் லீ, 70 சீன நோயாளிகளை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட கட்டுரையில், பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை என்று காட்டினார். வயிறு உப்புசமாக இருக்கிறது, பசியில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். நம் வீடுகளில் கேட்கும் பேச்சும் ஏறக்குறைய இதேதான். “ரெண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்சுல நிக்குது”, “வயிறு கல்லு மாதிரி இருக்கு.” குடும்பம் வயிற்று மருத்துவரிடம் போகும், எண்டோஸ்கோபி நடக்கும், கேஸ் மாத்திரை எழுதித் தருவார்கள். மாதங்கள் ஓடிவிடும். பிள்ளை பொய் சொல்கிறது என்றும் நினைக்காதீர்கள். பட்டினி கிடந்த இரைப்பை மிக மெதுவாகத்தான் காலியாகும், அந்த உப்புசம் நிஜமானது. சாப்பாடு ஒழுங்குக்கு வந்தால் அதுவும் மெல்லச் சரியாகும்.

விரதத்தின் மறைவிலும் இந்நோய் ஒளிந்துகொள்ளும். வெள்ளி, சனி, சஷ்டி, பிரதோஷம் என்று நாட்கள் கூடிக்கொண்டே போகும். வீட்டில் வேறு யாரும் இருக்காத விரதங்களை இவள் மட்டும் இருப்பாள். விரதம் முடித்த மறுநாள் ஆவலோடு சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். பக்தியோடு உபவாசம் இருப்பவர் பிரசாதத்தைத் தள்ளமாட்டார். சர்க்கரைப் பொங்கலில் நெய் மிதக்கிறது என்று கையில் வாங்கியதைத் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறாள் என்றால் கவனியுங்கள். ரமலான் முடிந்தும் தொடரும் நோன்பும், ஈஸ்டர் வந்த பிறகும் முடியாத தவக்கால ஒறுத்தலும் இதே வகையில் பார்க்க வேண்டியவை.

அவர்களுக்குப் பசியே எடுக்காதா?

எடுக்கும். பலருக்கு நாள் முழுவதும் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கும். சமையல் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்ப்பார்கள். வீட்டாருக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டு, “இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோங்கம்மா” என்று வற்புறுத்துவார்கள். தாங்கள் மட்டும் தொடமாட்டார்கள்.

இது நடிப்பல்ல என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய ஆய்வு உதவும். 1944-45-ல், இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராத 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். எடை பற்றிய கவலை யாருக்கும் இருக்கவில்லை. ஆனாலும் சில வாரங்களில் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். கோடைகாலத்திலும் குளிர்கிறது என்றார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் மனம் பழைய நிலைக்கு வர மாதங்கள் பிடித்தன.

உங்கள் பிள்ளையிடம் நீங்கள் பார்க்கும் பிடிவாதம், எரிச்சல், அழுகை, தனிமை இவற்றில் பெரும்பகுதி பட்டினி கிடக்கும் மூளையின் வேலை. “குணமே மாறிப் போச்சு” என்று அம்மாக்கள் அழும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான். உடம்புக்குச் சோறு போகப் போக, உங்களுக்குத் தெரிந்த அந்தப் பிள்ளை திரும்ப வரத் தொடங்கும்.

வீட்டில் முதலில் என்ன கண்ணில் படும்?

எடைக்கு முன்னால் பழக்கங்கள்தான் மாறும். இட்லியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துத் தட்டெங்கும் பரப்பி, அதில் பாதியைச் சாம்பாரில் கரைத்து, சாப்பிட்ட மாதிரி காட்டுவது. “ஸ்கூல்லயே சாப்பிட்டேன்”, “இப்பதான் ஃப்ரெண்ட் வீட்ல சாப்பிட்டேன்” என்று இரண்டு பக்கமும் சொல்வது. டிபன் பாக்ஸ் வழக்கத்துக்கு மாறாகக் கழுவித் துடைத்து வருவது. எல்லோரோடும் உட்காராமல் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவது. சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் நுழைந்து குழாயைத் திறந்துவிடுவது. சமையல்கட்டில் நின்றுகொண்டு எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று கண்காணிப்பது.

உட்காரவே மாட்டார்கள். புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டே படிப்பார்கள், மாடிப்படி ஏறி இறங்குவார்கள், காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விடமாட்டார்கள். ஒருநாள் தடைபட்டால் பதறிப்போவார்கள். இவ்வளவு மெலிந்தவர் இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பதைப் பார்த்து வீட்டாருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. அது நோயின் ஒரு முகம்.

வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, தொளதொள உடை. ஒரே நாளில் பலமுறை எடை பார்ப்பது, கண்ணாடி முன் நிற்பது, அல்லது கண்ணாடியையே தவிர்ப்பது. பிறந்தநாள், தீபாவளி, உறவினர் வீட்டு விருந்து என்றால் தலைவலி, பரீட்சை என்று காரணம் தேடுவது.

இவர்களில் பலர் வகுப்பில் முதலிடம் வாங்குபவர்கள், சொன்ன பேச்சு கேட்பவர்கள், எழுத்து ஒரு வரி கோணினாலும் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுபவர்கள். ஆகவே ஆசிரியர்களுக்கும் சந்தேகம் வராது.

உடம்பில் என்ன அடையாளங்கள் தெரியும்?

கை கால் ஜில்லென்று இருக்கும், விரல் நுனி நீலம் பாயும். எழுந்து நின்றால் கண் இருட்டும். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். அதே சமயம் முதுகிலும் கையிலும் கன்னத்திலும் பூனைமுடி அடர்ந்து வளரும், சூட்டைக் காத்துக்கொள்ள உடம்பு செய்யும் முயற்சி அது. மலச்சிக்கல், தூக்கமின்மை, தோல் வறட்சி. வாந்தி எடுப்பவர்களுக்குக் காதடியில் கன்னம் வீங்கியிருக்கும், பல் எனாமல் அரித்திருக்கும், விரல் மூட்டின் மேல் தழும்பு இருக்கலாம்.

மாதவிடாய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பீரியட்ஸ் நின்றதும் மகளிர் மருத்துவரிடம் கூட்டிப் போகிறோம். அவர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் ரத்தப்போக்கு வரும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த மாத்திரை பட்டினியைச் சரிசெய்யாது. எலும்புத் தேய்மானத்தையும் தடுக்காது. வாழ்நாளுக்கான எலும்பு வலுவில் பெரும்பகுதி இந்தப் பதின்வயதில்தான் சேர்கிறது, இப்போது இழப்பதில் ஒரு பகுதி பிறகு திரும்பாமலே போகலாம். எனவே மகளிர் மருத்துவரிடம் போகும்போது சாப்பாடு குறைந்த கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எலும்பும் தோலுமாக இல்லையே, எடை சரியாகத்தானே இருக்கிறது?

முன்பு பருமனாக இருந்தவர் குறுகிய காலத்தில் வெகுவாக இளைத்திருந்தால், பார்வைக்குச் சாதாரண எடையில் இருக்கும்போதே நாடித்துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் இறங்கி, உடம்பு பட்டினியில் இருக்கும். அவருக்கு ஊரே பாராட்டு மழை பொழிந்துகொண்டிருக்கும். எவ்வளவு எடை என்பதோடு, எவ்வளவு வேகத்தில் எவ்வளவு குறைந்தது என்றும் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்கிறார்களே?

உடம்பு கடைசிவரை சமாளித்துக் காட்டும். மிக நலிந்த பலருக்கும் ரத்த முடிவுகள் சரியாகவே இருக்கும். அந்தக் காகிதத்தை வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம். பரிசோதனைகள் தேவைதான், ஏனென்றால் காசநோய், முதல் வகை சர்க்கரை நோய், தைராய்டு மிகைச்சுரப்பு, குடல் நோய்கள் இவையும் உடம்பை உருக்கும். ஆனால் காசநோயால் இளைப்பவர் தான் இளைப்பதைக் கண்டு கவலைப்படுவார். அனோரெக்சியாவில் சுற்றியிருப்பவர்தான் கவலைப்படுவார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கும் வருமா?

வரும். ஜிம், சிக்ஸ் பேக், “கொழுப்பே கூடாது” என்ற பேச்சில் மறைந்திருக்கும். அவர்களை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதால் மருத்துவமனைக்கு வரும்போது நிலைமை முற்றியிருக்கும்.

எங்கள் வளர்ப்பில் குறையா? ஏன் வந்தது?

பெற்றோரால் வந்த நோய் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. சர் வில்லியம் கல், நோயாளியைக் கவனிக்க உறவினர்கள்தான் மிகத் தகுதியற்றவர்கள் என்று எழுதினார். அதற்குப் பின் நூறாண்டு காலம் அம்மாக்கள் மீதே பழி விழுந்தது. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், நோய்க்கான சாய்வில் ஏறக்குறைய பாதி மரபணுவால் வருகிறது என்று காட்டுகின்றன. ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புள்ள எட்டு மரபணுப் பகுதிகளை அடையாளம் கண்டது. அந்தத் தொடர்பு மனநோய்களோடு நிற்காமல் உடம்பின் வளர்சிதை மாற்றத்தோடும் இருந்தது.

அப்படிப்பட்ட உடம்பும் பதற்றமான மனமும் உள்ள பிள்ளை ஏதோ ஒரு காரணத்தால் சாப்பாட்டைக் குறைக்கிறது. டைபாய்டு வந்து இளைத்திருக்கலாம், நீட் படிப்புக்காக விடுதிக்குப் போயிருக்கலாம், நடன ஆசிரியர் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மாமா எல்லோர் முன்னும் “குண்டு” என்று கூப்பிட்டிருக்கலாம். மற்ற பிள்ளைகள் மறந்துவிடும் அந்த இடத்தில் இந்தப் பிள்ளைக்கு நோய் பற்றிக்கொள்கிறது. அதற்காக “குண்டு”, “குச்சி” என்று கூப்பிடும் நம் பழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அது இன்றோடு நிற்க வேண்டும்.

எப்படிப் பேசுவது? கேட்டாலே சண்டை வருகிறது.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சைத் தொடங்காதீர்கள். வேறொரு நேரத்தில், தனியாக, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “ரெண்டு மாசமா நீ எங்களோட உட்கார்ந்து சாப்பிடவே இல்ல. நேத்து படியேறும்போது தலை சுத்தி நின்னுட்ட. எனக்குப் பயமா இருக்கு கண்ணு. நாம ரெண்டு பேரும் டாக்டரைப் பார்ப்போம்.” இவ்வளவு போதும். “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று பதில் வரும். அதை எதிர்பார்த்தே போங்கள். காய்ச்சலில் பிதற்றுபவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, இதுவும் அப்படித்தான். விவாதத்தை வளர்க்காமல் சந்திப்புக்கு நேரம் வாங்குங்கள்.

“சோத்துக்கு வழியில்லாதவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா”, “எங்களைச் சாகடிக்கத்தான் இப்படிப் பண்றியா” போன்ற வார்த்தைகள் ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் மூழ்கியிருக்கும் பிள்ளையை இன்னும் அழுத்தும். தேறி வரும்போது “இப்பதான் முகம் தெளிஞ்சிருக்கு, கொஞ்சம் சதை போட்டிருக்க” என்று பாட்டி பாசத்தோடுதான் சொல்வார். பிள்ளையின் காதில் “குண்டாயிட்ட” என்று விழும். மறுவேளை தட்டு அப்படியே கிடக்கும். வீட்டுக்கு வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: உடம்பைப் பற்றி நல்லதாகவும் பேச வேண்டாம்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மயங்கி விழுந்தால். நெஞ்சு வலித்தால், படபடத்தால். காலையில் விழித்ததும், எழுவதற்கு முன் மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் நாடி பிடித்துப் பாருங்கள், 50-க்குக் கீழே இருந்தால் அன்றே போங்கள். தரையில் குந்தி உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் தசை கரைந்துவிட்டது என்று பொருள். தண்ணீரும் குடிக்க மறுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, கால் வீங்குவது, குழப்பமாகப் பேசுவது இவையும் காத்திருக்கக் கூடாதவை.

சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமான நோய்களில் இது ஒன்று. இந்நோயில் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மற்றவர்களில் பலரை இதயம் கைவிடுகிறது. அமெரிக்கப் பாடகி கேரன் கார்பென்டர் 1983-ல் 32 வயதில் இறந்தது அப்படித்தான்.

குளுக்கோஸ் ஏற்றினால், சத்து டானிக் கொடுத்தால், ஒரேயடியாக நிறையச் சாப்பிட வைத்தால் சரியாகிவிடாதா?

தயவுசெய்து வேண்டாம். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று மாவுச்சத்து பெருகினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயமும் மூளையும் பாதிக்கப்படும். இரண்டாம் உலகப்போரின் முடிவில், முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் உணவு கிடைத்த பிறகு இறந்தபோது மருத்துவ உலகம் இதைக் கண்கூடாகப் பார்த்தது. மிகவும் நலிந்தவருக்கு முதல் சில நாட்கள் மருத்துவமனையில், ரத்தத்தைத் தினமும் பார்த்து, தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுத்து, உணவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வருவது சிகிச்சையாகாது.

யாரிடம் போவது? என்ன சிகிச்சை?

மனநல மருத்துவர், பொது மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவர், உணவியல் நிபுணர் மூவரும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனை நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அனோரெக்சியாவைக் குணப்படுத்தும் மாத்திரை இன்றுவரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து தரலாம். முதல் மருந்து சாப்பாடுதான்.

பதின்வயதினருக்கு இன்று மிகுந்த ஆதாரம் உள்ளது குடும்பம் சார்ந்த சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவானது. என்ன, எப்போது, எவ்வளவு என்ற முடிவைச் சில மாதங்களுக்குப் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வேளையும் யாராவது ஒருவர் கூடவே உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்கள். உடம்பு தேறத் தேற அந்தப் பொறுப்பை மெல்லப் பிள்ளையிடம் திருப்பித் தருகிறார்கள். பிறகுதான் மற்றப் பிரச்சினைகளுக்குப் போகிறார்கள். 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்தச் சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து ஏறக்குறைய பாதிப் பேர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். தனிநபர் சிகிச்சை பெற்றவர்களில் அது நான்கில் ஒருவருக்கும் குறைவு.

நம் குடும்பங்களுக்கு இது கைவரும் என்பது என் உறுதியான எண்ணம். ஊட்டி வளர்த்த கைகளும், முறைவைத்துக் கூட உட்கார அத்தையும் சித்தியும் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும். அம்மா தோசை வைக்க, அப்பா “விடு, பாவம், பழம் மட்டும் சாப்பிடட்டும்” என்றால் அந்த வேளை நோய்க்குப் போய்விடும்.

கல்யாணம் செய்துவைத்தால் மாறிவிடும் என்கிறார்கள்.

மாறாது. புது வீட்டில் மறைக்க வேண்டியது கூடும், நலிந்த உடம்போடு கருத்தரித்தால் ஆபத்தும் கூடும். சிகிச்சை முதலில்.

குணமாகுமா? எவ்வளவு காலம் ஆகும்?

ஆகும், ஆனால் மாதக்கணக்கில் யோசிக்க வேண்டும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். அமெரிக்காவின் பாஸ்டனில் நோயாளிகளை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஒன்பது ஆண்டுகளில் சுமார் மூன்றில் ஒருவர்தான் தேறியிருந்தார். 22 ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இருவர் தேறியிருந்தார்கள். பத்தாண்டு கழிந்தவரும் மீள்கிறார் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சீக்கிரம் தொடங்கினால் காலமும் குறையும். எடை திரும்பியதும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். பயம் எடைக்குப் பின்னால் வெகுநேரம் கழித்துத்தான் போகும்.

இதெல்லாம் எனக்கே இருக்கிறது. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு நோய் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நீங்கள் இன்னும் மெலியவில்லை என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். இந்நோயில் இருக்கும் எத்தனையோ பேர் அதே குரலைக் கேட்கிறார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நம்பும் ஒருவரிடம், அக்காவோ டீச்சரோ, “சாப்பாட்டைப் பார்த்தால் எனக்குப் பயமா இருக்கு” என்று ஒரே வரி சொல்லுங்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் இந்தப் பக்கத்தை அனுப்புங்கள்.

முதலில் முகம் தெரியாத ஒருவரிடம் பேசுவது எளிது என்றால், இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

பேசிவிட்டு வந்து, ஒரு வேளை யாருடனாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுத்த வேளையை அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.